சிவப்புக்குச் சிவப்பு

பிப்ரவரி 9

அன்புள்ள எலிக்கு,

நானும் உன் அத்தானும் இங்கே குறையில்லாமல் இருக்கிறோம். அந்தத் தீவில் நீயும் உன் வீட்டுக்காரியும் எப்படி? போன படகில் வந்த உன் கடிதத்தில் அவள் ஒரு வரிகூட எழுதவில்லை. கோபமா, சோம்பலா என்று கேட்டுச் சொல். எலி என்று கூப்பிடாதே என்கிறாய். ஒயரைப் பல்லால் கடித்து உரிப்பதை நீ என்றைக்கு விடுகிறாயோ அன்றைக்கு நானும் விடுகிறேன்.

விஷயம் என்னவென்றால், நம் அப்பாவின் ஸ்பீக்கர் பெட்டி இரண்டில் இடது பக்கத்துக்கு ஆயுசு முடிந்துவிட்டது. செய்த மகானுபாவர் உன் அத்தான்தான். முன்னறையில் அவர் தொழிலுக்குப் பல்செட் ராவுகிற மோட்டார் ஓடும்போது பாட்டுக் கேட்கவில்லையாம். அதனால் குமிழைக் கடைசி வரைக்கும் திருகியிருக்கிறார். நான் டியூட்டி முடிந்து காலையில் வந்து இசைத்தட்டைப் போட்டால், தகர டப்பாவைச் சிமெண்டுத் தரையில் இழுப்பது போல ஒரு கரகரப்பு. "என்ன பண்ணீங்க?" என்றால், "நான் எங்க பண்ணேன், அதுவா போச்சு" என்கிறார். பெட்டியின் தலையில் வரிசையாக நாலு பல்செட் காய்ந்துகொண்டிருந்தது. நாலும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறது!

பிரசவ வார்டில் பத்து மணி நேரம் நின்றுவிட்டு வந்தால் எனக்கு வேண்டியது சோறுகூட இல்லை. நின்றுகொண்டு வாசிக்கிற அந்த ஆளுயர வயலின் இசைத்தட்டைப் போட்டுவிட்டு இரண்டு பெட்டிக்கும் நடுவில் தரையில் காலை நீட்டி உட்கார வேண்டும். கீழ்ச் சத்தம் வரும்போது தரை உள்ளங்காலைத் தொடும். அதில்தான் என் அலுப்புப் போகும். இங்கே ரிப்பேர்க் கடைக்காரன், "இதெல்லாம் இப்ப யாரு வச்சிருக்காங்க, புதுசு வாங்குங்க" என்று கையை விரித்துவிட்டான். நீ ஒலி, ஒயர் என்று சம்பளம் வாங்குகிறவன்தானே. ஏதாவது வழி சொல்.

உன் அக்கா


பிப்ரவரி 24

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கண்டு சிரித்தோம். இங்கே இருவரும் நலம். அவளுக்குக் கோபமும் இல்லை, சோம்பலும் இல்லை. உப்புக் காற்று கொஞ்சம் ஒத்துக்கொள்ளவில்லை, அதிகம் படுத்திருக்கிறாள். கவலைப்பட ஒன்றுமில்லை. அத்தானின் பல்செட்டுகளுக்கும் என் வணக்கம்.

பெட்டியில் மேலே இருக்கும் சின்னது நன்றாக இருக்கும். கீழே இருக்கும் பெரிய வட்டம்தான் ஊஃபர். கீழ்ச் சத்தம் முழுக்க அதன் பொறுப்பு. அதன் காகிதக் கூம்பை இரண்டு கைவிரலாலும் மெதுவாக உள்ளே அமுக்கிப் பார். உரசுகிற சத்தம் வந்தால் உள்ளே சுருள் கருகிவிட்டது, இனிப் பிழைக்காது. அமுக்கிப் பார்ப்பதற்கு முன்பே பிழைக்காது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அத்தானின் கைராசி அப்படி.

எங்கள் ரேடியோ ஸ்டேஷன் ஸ்டோரில் அதே அளவில் ஒன்று பெட்டி பிரிக்காமல் கிடந்தது. கேட்டு வாங்கி, பழைய போர்வையில் சுற்றிப் படகுக்காரரிடம் கொடுத்திருக்கிறேன். நீயே மாட்டிவிடலாம். குறுக்கே எதிரெதிராக ஸ்க்ரூவை முடுக்கு, ஒரே பக்கமாக முடுக்கினால் சட்டம் வளையும். ஒயர் இரண்டு வரும். சிவப்பைச் சிவப்புப் புள்ளி போட்ட முனையில் மாட்டு, கறுப்பைக் கறுப்பில் மாட்டு. இதை மட்டும் மாற்றிவிடாதே. சிவப்புக்குச் சிவப்பு. மறந்துவிடுவாய் என்றால் கையில் எழுதிக்கொள்.

உன் தம்பி (எலி அல்ல)


மார்ச் 15

அன்புள்ள எலிக்கு,

படகுக்காரர் ஊஃபரைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு வந்து கொடுத்தார். இங்கே எல்லோரும் சுகம். உப்புக் காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்றால் என்ன அர்த்தம்? காய்ச்சலா, வாந்தியா, தலைவலியா? நர்ஸுக்கு எழுதுகிறோம் என்ற நினைப்போடு எழுது.

நான்தான் மாட்டினேன். உன் அத்தானின் சின்ன ஸ்க்ரூ டிரைவர்களையெல்லாம் பறித்துக்கொண்டேன். அவர் டார்ச் பிடித்தார். பெட்டிக்குள் பஞ்சு, தூசி, அப்பாவின் சட்டைப் பொத்தான் ஒன்று. பழையது கையில் வந்ததும் அமுக்கிப் பார்த்தேன், நீ சொன்ன மாதிரியே உரசியது. புதியதற்குச் சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. நீ சொன்னபடி கையில்கூட எழுதிக்கொண்டேன். வார்டில் கேட்டவர்களுக்கெல்லாம் விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று.

கரகரப்புப் போய்விட்டது. பேச்சு, பாட்டு, சுருதி எல்லாம் சுத்தம். ஆனால் உன் ஊஃபர் கொஞ்சம் ஒல்லி. ஆளுயர வயலினில் ஆள் இருக்கிறார், வயிறு இல்லை. காலடியில் தரை சும்மா கிடக்கிறது. உன் அத்தானைக் கேட்டால், "பிரமாதமா கேக்குது! முன்னாடி இருந்ததை விடத் தேவலை" என்கிறார். அப்படியானால் சரிதான்.

வேறொன்றுமில்லை. நம் அப்பாவுக்குக் காது மந்தமானது எந்த வயதில் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? சும்மாதான் கேட்டேன்.

அக்கா


மார்ச் 29

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். அவளுக்குக் காய்ச்சல் இல்லை. சாப்பாடுதான் கொஞ்சம் அப்படி இப்படி. நீ தோண்டாதே, நேரம் வரும்போது நானே எழுதுகிறேன்.

புது ஊஃபர் முதலில் விறைப்பாகத்தான் இருக்கும். தினமும் ஓடவிட்டால் இளகும். ஆனால் வயிறே இல்லை என்கிறாயே, அதுதான் உதைக்கிறது. ஒயரை மாற்றி மாட்டியிருப்பாய் என்று சந்தேகப்படுகிறேன். பெட்டியைத் திறந்து இன்னொரு தடவை பார். நிதானமாகப் பார். நீ ஊசி போடுகிற கை, ஒயர் உனக்குப் புதுசு.

அப்பாவுக்கு ஐம்பதுக்கு முன்பே மந்தமாகிவிட்டது. அவர் வெளியில் சொல்லிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். கூப்பிட்டால் திரும்ப மாட்டார், நமக்கு அதில் சந்தோஷம். எதற்குக் கேட்டாய்?

தம்பி


ஏப்ரல் 13

தம்பிக்கு,

நலம். பெட்டியைத் திறந்து பார்த்தேன். சிவப்புக்குச் சிவப்புதான், கறுப்புக்குக் கறுப்புதான். ஒயர் உனக்கு, ஊசி எனக்கு என்று நீ பிரித்தது சரி, ஆனால் எனக்கு இரண்டு நிறத்துக்கு வித்தியாசம் தெரியும்.

பெட்டிகள் மேல் துணி போட்டு மூடிவிட்டேன். அந்த விஷயத்தை விட்டுவிடு. உன் வீட்டுக்காரியை வெந்நீர் குடிக்கச் சொல்.

அக்கா


மே 2

அன்புள்ள அத்தானுக்கு,

வணக்கம். உங்கள் உடம்பும் தொழிலும் நன்றாக இருக்கும் என்று நம்புகிறேன். உங்களுக்கு நான் தனியாக எழுதுவது இதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். கல்யாணத்துக்குப் பிறகு நீங்கள் எனக்கு எழுதியதும் கிடையாது. கணக்குச் சரி.

அக்காவிடமிருந்து ஏழே வரியில் கடிதம் வந்தது. ஏழு வரியில் அவள் மூச்சுக்கூட விட மாட்டாள். என்னைத் 'தம்பிக்கு' என்று கூப்பிட்டிருக்கிறாள். பிறந்ததிலிருந்து நான் எலி. அந்த ஸ்பீக்கரைத் துணி போட்டு மூடிவிட்டதாக எழுதுகிறாள். இதற்குப் பின்னால் படகு இரண்டு தடவை வந்துவிட்டது, அவளிடமிருந்து ஒன்றுமில்லை. வீட்டில் என்ன நடக்கிறது? தயவுசெய்து ஒளிக்காமல் எழுதுங்கள். நான் கேட்டதாக அவளுக்குத் தெரிய வேண்டாம்.

உங்கள் மைத்துனன்


மே 15

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நான் சுகம். எனக்குக் கடிதம் எழுத வராது. கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

உன் அக்கா பிரசவ வார்டை விட்டுப் போகப் போகிறாள். ஆஸ்பத்திரியில் பழைய நோயாளிகளின் காகிதங்களை அடுக்கி வைக்கும் அறைக்கு மாற்றிவிடச் சொல்லி மேற்பார்வை நர்ஸம்மாவிடம் கேட்டிருக்கிறாள். அந்தம்மா யோசித்துச் சொல்கிறேன் என்று இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறார். அதற்குள் இவள் கேட்டுக் கேட்டு அலுத்து, லீவு போட்டு வீட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

காரணம் இது. மார்ச் மாதம் ஒரு கர்ப்பிணி வந்திருக்கிறாள். குழந்தையின் இதயத்தைக் கேட்க இவர்கள் வயிற்றில் ஒரு மரக்குழலை வைத்துக் காதைக் கொடுப்பார்கள் அல்லவா, உன் அக்கா வைத்தாளாம். ஒன்றும் கேட்கவில்லையாம். இன்னும் நகர்த்தி வைத்தாளாம், இல்லையாம். பக்கத்தில் நின்ற சின்ன நர்ஸ் குழலை வாங்கி மறுபக்கம் வைத்தவுடனே, "இதோ இருக்குக்கா" என்றாளாம். குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. இவள்தான் வீட்டுக்கு வந்து நேராக அந்த இசைத்தட்டைப் போட்டு நடுவில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து என்னைக் கூப்பிட்டாள். "அந்தக் கனமான சத்தம் உங்களுக்குக் கேக்குதா?" என்றாள். "நல்லா கேக்குதே" என்றேன். அவள் முகம் செத்துப்போயிற்று. அப்பாவின் காது தனக்கு வந்துவிட்டது என்று முடிவு கட்டிவிட்டாள். காதைப் பரிசோதித்துக்கொள் என்றால், "அதே ஆஸ்பத்திரியில எழுதி வச்சுடுவாங்க, அதுக்கு முன்னாடி நானே போயிடுறேன்" என்கிறாள்.

ஒளிக்காமல் எழுதச் சொன்னாய். உண்மையைச் சொன்னால் எனக்கும் அந்தப் பெட்டி சப்பென்றுதான் இருந்தது. முன்பு பல்செட்டெல்லாம் பெட்டி மேல் கடகடவென்று ஆடும், இப்போது அசையவில்லை. ஆனால் ஊஃபரைக் கெடுத்தவன் நான். புதியதும் சரியில்லை என்றால் பேச்சு மறுபடி என் பக்கம் திரும்பும். பாவம் அவளே கஷ்டப்பட்டு மாட்டினாள். பிரமாதம் என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று சொல்லிவைத்தேன்.

இங்கே வீடு இழவு வீடு மாதிரி இருக்கிறது. ஏதாவது செய்.

அத்தான்


மே 17

அன்புள்ள அக்காவுக்கு,

இதை நின்றுகொண்டு படிக்காதே, உட்கார். படகைக் கரையில் நிறுத்தி வைத்துவிட்டு எழுதுகிறேன். படகுக்காரர் என்னைத் திட்டுகிறார்.

அத்தான் எல்லாம் எழுதிவிட்டார். அவரைப் பிறகு திட்டிக்கொள். முதலில் ஒன்றைக் கேள்: அந்தச் சத்தம் அவருக்கும் கேட்கவில்லை. உன் மனம் நோகக் கூடாது என்று பொய் சொல்லியிருக்கிறார். எப்போதும் அந்தப் பெட்டி மேல் ஆடுகிற பல்செட்டுகள்கூட இப்போது ஆடவில்லையாம். பல்செட்டுக்கும் காது மந்தமா?

உன் கையில் தப்பில்லை. தப்பு என் வாயில் இருக்கலாம். இங்கே எங்கள் மூத்த டெக்னீஷியனிடம் பெட்டியின் பெயரைச் சொன்னேன். "அந்தக் காலத்துப் பெட்டியா? அவங்க சிவப்பு தலைகீழாச்சே!" என்று சிரித்தார். அந்தப் பழைய கம்பெனி சிவப்புப் புள்ளி வைத்த முனை, இன்றைக்கு மற்றவர்கள் கறுப்பு வைக்கும் முனையாம். நான் சொன்னபடி நீ சிவப்புக்குச் சிவப்பு மாட்டினாய். அதனால் வலது பெட்டி முன்னால் தள்ளும்போது இடது பெட்டி பின்னால் இழுக்கிறது. ஒரே கதவை இரண்டு பக்கமும் நின்று இரண்டு பேர் தள்ளினால் கதவு அசையுமா? கீழ்ச் சத்தம் அப்படித்தான் நடுவழியில் செத்துப்போகிறது. நீ உட்காருவதும் சரியாக அந்த நடுவில்.

என் பேச்சை நம்பாதே. உன் காதையும் நம்ப வேண்டாம். கண்ணால் பார். இரண்டு பெட்டியின் முன் துணியையும் கழற்று. பின்னால் வருகிற ஒயர்களை எடுத்துவிட்டு, டார்ச் பேட்டரி ஒன்றை எடுத்து அதன் கூட்டல் முனை பெட்டியின் சிவப்பிலும், கழித்தல் முனை கறுப்பிலும் படும்படி ஒரு கணம் தொட்டு எடுக்கச் சொல். அத்தான் தொடட்டும், நீ முன்னால் நின்று கூம்பைப் பார். இரண்டு பெட்டியிலும் ஒரே பக்கமாக அசைந்தால் நான் முட்டாள். ஒன்று முன்னால் வந்து மற்றது உள்ளே போனால், இடது பெட்டியைத் திறந்து புது ஊஃபரில் மட்டும் ஒயரை மாற்றி மாட்டு. சிவப்பு கறுப்பில், கறுப்பு சிவப்பில்.

இன்னொன்று. நேரம் வரும்போது எழுதுகிறேன் என்றேன். இவளுக்கு ஆறாவது மாதம். முன்பு இரண்டு தடவையும் நாங்கள் அவசரப்பட்டு உனக்கு எழுதினோம், நீ ஓடி வந்தாய், இரண்டும் தங்கவில்லை, வெறுங்கையோடு அழுதுகொண்டே திரும்பிப் போனாய். இந்தத் தடவை தாண்டுகிற வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது என்று இரண்டு பேரும் சத்தியம் செய்துகொண்டோம். இப்போது தாண்டிவிட்டது. இவள் சொல்வது ஒன்றே ஒன்று: "அண்ணி கையிலதான் பெத்துக்குவேன்." நீ காகிதம் அடுக்கப் போனால் நான் இவளிடம் என்ன சொல்வது?

படகுக்காரர் கயிற்றை அவிழ்க்கிறார்.

எலி


ஜூன் 3

என் எலிக்கு,

முதலில் ஆறு மாதத்துக்கான திட்டு. நர்ஸ் அக்காவிடம் உப்புக் காற்று என்று கதை விட்டாயே, உன்னை என்ன செய்தால் தகும்? படித்ததும் அடுப்பில் இருந்ததை மறந்துவிட்டேன். வீடு முழுக்கப் புகை. உன் அத்தான் ஓடி வந்து, "யாருக்கு என்ன ஆச்சு?" என்று கத்துகிறார். நான் சிரிக்கிறேனா அழுகிறேனா என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

பிறகு அவரை உட்கார வைத்து விசாரித்தேன். "பொய் சொன்னீங்களா?" "பொய்ன்னு இல்ல, ஒரு மரியாதைக்கு." "என் வேலையே போயிருக்குமே!" "நீ காதுக்காகக் கேக்குறன்னு எனக்கு எப்படித் தெரியும்? பெட்டிக்காகக் கேக்குறன்னு நெனச்சேன்." நான்தான் அவரிடமும் காரணத்தைச் சொல்லாமல் கேட்டேன். சொன்னது பத்து நாள் கழித்து. அதற்குள் அவர் சொன்ன பிரமாதத்தில் அவரே மாட்டிக்கொண்டார்.

அன்றைக்கே பேட்டரி வைத்தோம். வலது பெட்டியில் அவர் தொட்டார், கூம்பு கொஞ்சம் உள்ளே போய் வந்தது. இடதில் தொட்டார். எலி, அது முன்னால் வந்தது! திரும்பத் தொடச் சொன்னேன். திரும்ப முன்னால் வந்தது. "போதும், பேட்டரி தீந்துடும்" என்கிறார் மனிதர். இன்னும் இன்னும் தொடச் சொன்னேன். கண்ணுக்குத் தெரிந்த பிறகு மனம் எவ்வளவு லேசாகிறது. இத்தனை நாள் மார்பில் உட்கார்ந்திருந்தது எழுந்து போயிற்று.

ஒயரை மாற்றினேன். தட்டைப் போட்டேன். நடுவில் போய் உட்காரப் பயமாக இருந்தது, சமையலறை வாசலிலேயே நின்றேன். அங்கேயே வந்து காலைத் தொட்டது. பெட்டி மேல் இருந்த பல்செட்டுகள் ஒன்றோடொன்று மோதிக் கடகடவென்று பேச ஆரம்பித்தன.

இதற்காகக் காது நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டவில்லை. ஒரு தடவை தானே முடிவு கட்டியவளுக்குப் புத்தி வந்துவிட்டது. மறுநாள் போய்ப் பரிசோதித்துக்கொண்டேன். காது டாக்டர், "இந்த வயசுக்கு நல்ல காது" என்றார். அந்த வயசு என்ற வார்த்தையை விட்டிருக்கலாம். மேற்பார்வை நர்ஸம்மாவிடம் அன்றைக்குக் குழலில் கேட்காமல் போனதைச் சொன்னேன். "அந்தக் குழந்தை தன் முதுகை அம்மா முதுகுப் பக்கம் திருப்பிட்டுப் படுத்திருந்தது. எனக்கே எத்தனையோ தடவை கேக்காமப் போயிருக்கு. இதுக்கா காகிதம் அடுக்கக் கேட்ட? நீ திரும்பி வருவேன்னுதான் நான் இழுத்தடிச்சேன்" என்றார். திங்கட்கிழமை வார்டுக்குப் போகிறேன்.

உன் வீட்டுக்காரியை அடுத்த படகில் ஏற்று. முன்னறையைக் காலி செய்துவிட்டோம். பல்செட்டுத் தொழிற்சாலை பின்கட்டுக்குப் போய்விட்டது. குமிழை இனிப் பாதிக்கு மேல் திருகினால் விரல் இருக்காது என்று சொல்லியிருக்கிறேன்.

உன் அக்கா


ஜூன் 21

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை இவளுக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். பேட்டரி வருகிற இடத்தை மூன்று தடவை. இவள் சுகம், நான் அரைச் சுகம், ஏனென்றால் இவள் நாளைக்குப் படகில் ஏறுகிறாள். எனக்கு ஆகஸ்டில்தான் லீவு. கடல் அமைதியாக இருக்கிறது, படகுக்காரர் தன் சம்சாரத்தையும் துணைக்குக் கூட்டி வருகிறார்.

தைரியமாகப் பேசுவாள், நம்பாதே. உன்னிடம் வந்து சேர்ந்த பிறகுதான் மூச்சு விடுவாள். நானும் அப்படித்தான். பார்த்துவிட்டு உடனே எழுது. நல்லதோ இல்லையோ, உள்ளதை எழுது. நம் வீட்டில் இனி யாரும் யாருக்கும் பிரமாதம் என்று சொல்ல வேண்டாம்.

எலி


ஜூன் 25

என் எலிக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தாள். படகுக்காரரும் அவர் சம்சாரமும் வாசல்வரை கொண்டுவந்து விட்டார்கள். குளித்தாள், சாப்பிட்டாள், தூங்கினாள். கால் வீக்கம் கொஞ்சம் உண்டு, இரத்த அழுத்தம் சரியாக இருக்கிறது. உள்ளதை எழுதச் சொன்னாய், அதனால் எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

இன்று காலை முன்னறையில் படுக்க வைத்து மரக்குழலை எடுத்தேன். வார்டில் இந்த மாதம் எத்தனையோ வயிற்றில் வைத்துக் கேட்டுவிட்டேன், ஒன்றும் தப்பவில்லை. ஆனாலும் இவள் வயிற்றில் வைப்பதற்கு முன் குழலை இரண்டு தடவை துடைத்தேன். இதே போலத்தானே இரண்டு தடவையும் வைத்தேன். இடது பக்கம் வைத்தேன், ஒன்றும் இல்லை. எழுந்திருக்கவில்லை. கையால் வயிற்றைத் தடவிக் குழந்தையின் முதுகு எந்தப் பக்கம் என்று பார்த்தேன். குழலை வலது பக்கம் கொஞ்சம் கீழே இறக்கி, கண்ணை மூடிக்கொண்டு காதை வைத்தேன்.

"அண்ணி, கேக்குதா?" என்றாள். கேட்டுக்கொண்டே இருந்தேன். "அண்ணி, சொல்லுங்க அண்ணி" என்று என் தலைமுடியைப் பிடித்து இழுத்துவிட்டாள். வலித்தது. அப்புறம்தான் வாயைத் திறந்தேன். கேட்கிறது, வேகமாக, ஒழுங்காக, கொஞ்சமும் தடுமாறாமல் ஓடுகிறது என்றேன். இரண்டு பேரும் அழுதோம். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

சத்தம் கேட்டு உன் அத்தான் பின்கட்டிலிருந்து பல்செட் மாவுக் கையோடு ஓடி வந்தார். விஷயத்தைச் சொன்னதும் தானும் கேட்க வேண்டும் என்றார். உன் வீட்டுக்காரியும் சிரித்துக்கொண்டே சரி என்றாள். கையைக் கழுவிவிட்டு வரச் சொல்லி, குழலை அதே இடத்தில் வைத்துப் பிடித்துக்கொண்டேன். குனிந்து காதை வைத்தார். ரொம்ப நேரம் வைத்திருந்தார்.

"கேக்குதா?" என்றேன்.

"ஆகா, பிரமா..." என்று ஆரம்பித்தார். நான் அவரைப் பார்த்தேன்.

"ஒண்ணுமே கேக்கல" என்றார்.

அவருக்கு இன்னும் கேட்கவில்லை. தினமும் காலையில் வந்து முயற்சி செய்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். எனக்குக் கேட்டது, எலி. நீ நிம்மதியாகத் தூங்கு.

உன் அக்கா